ஆய்வுக் கட்டுரைகளைக் காசு செலவில்லாமல் தேடிப் படித்து, ஒரு பக்கக் கொள்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

சேட்டை செய்யும் பதின்வயதுப் பையன்களை ஒருநாள் சிறைக்குள் அழைத்துப் போய், அங்கிருக்கும் கைதிகளை விட்டே மிரட்டச் சொன்னால் பையன்கள் திருந்திவிடுவார்கள். கேட்டவுடன் சரிதானே என்று தோன்றும். 1970களில் அமெரிக்காவில் இதைத் திட்டமாகவே நடத்தினார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பல மாநிலங்களுக்குப் பரவியது. பையன்கள் நிஜமாகவே திருந்தினார்களா என்று அளந்து பார்த்த சோதனைகளும் கூடவே நடந்தன. அந்தச் சோதனைகள் சொல்லும் விடையை ஒரு பைசா கொடுக்காமல் தேடிப் பிடித்து, முடிவெடுப்பவர் மேசைக்கு ஒரே பக்கமாகக் கொண்டுபோவதுதான் இந்தப் பதிவு.

நீங்கள் உள்ளாட்சி உறுப்பினராக இருக்கலாம், செய்தியாளராக இருக்கலாம், ஒரு சட்ட வரைவுக்குக் கருத்து அனுப்ப நினைக்கும் சாதாரண ஆளாகவும் இருக்கலாம். பல்கலைக்கழக அடையாள அட்டை தேவையில்லை. இணைய இணைப்பும், ஒரு மதிய நேரமும், ஒரு நோட்டும் போதும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"இளைஞர் குற்றத்தைக் குறைப்பது எப்படி?" என்று தேடினால் லட்சக்கணக்கில் வந்து விழும். ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் தேடினேன். நாற்பது கட்டுரைகளைத் தரவிறக்கி அழகாக ஒரு கோப்புறையில் அடுக்கினேன், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கு 'பிக்கோ' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேள்வியை நான்காக உடைக்க வேண்டும்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம். நம் கேள்வி இப்படி ஆகும்: குற்றம் செய்த, அல்லது செய்யக்கூடும் என்று கருதப்படும் பதின்வயதினரைச் சிறைக்கு அழைத்துச் சென்று காட்டினால், ஒன்றுமே செய்யாமல் விட்டதைவிட, பிற்காலக் குற்றம் குறைகிறதா?

மூன்றாவதாக உள்ள ஒப்பீட்டைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "எங்கள் திட்டத்துக்கு வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் மறுபடி தப்பு செய்யவில்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறைப் பக்கமே போகாத, அதே மாதிரியான பத்துப் பையன்களிலும் எட்டுப் பேர் செய்யவில்லை என்றால்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒப்பீட்டை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: தனிக் கட்டுரையில் தொடங்காதீர்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆய்வுக் கட்டுரைகளுக்குச் செல்லாது. ஒரே கேள்விக்கு ஒரு கட்டுரை ஆம் என்னும், இன்னொன்று இல்லை என்னும். தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவது சுலபம். அதனால் முதலில் தேட வேண்டியது முறைசார் மீளாய்வு. எப்படித் தேடுவோம், எவற்றைச் சேர்ப்போம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, கிடைக்கும் எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடும் கட்டுரை அது.

மருத்துவம், பொதுச் சுகாதாரம் என்றால் காக்ரேன் நூலகம். 1993இல் தொடங்கிய அமைப்பு. மீளாய்வுகளுக்கு எளிய நடைச் சுருக்கங்களை இலவசமாகத் தருகிறது, சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. கல்வி, குற்றம், சமூக நலம் என்றால் கேம்பெல் கூட்டமைப்பு. அதன் மீளாய்வுகளை யார் வேண்டுமானாலும் முழுதாகப் படிக்கலாம். வளரும் நாடுகளின் திட்டங்கள் பற்றி என்றால் 'த்ரீ ஐ ஈ' அமைப்பின் வளர்ச்சிச் சான்றுத் தளம். மூன்றிலும் கிடைக்கவில்லையா, அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலருக்குப் போங்கள்.

தேடுசொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டியிருக்கும். நாம் நினைக்கும் சொல்லும் ஆய்வாளர் எழுதும் சொல்லும் ஒன்றாக இருக்காது. 'ஜெயில் விசிட்' என்று தேடினால் நமக்கு வேண்டியது அகப்படுவது கஷ்டம். 'ஜுவனைல் டெலின்குவன்சி' என்று மாற்றி, கூடவே 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்று மேற்கோள்குறிக்குள் சேர்த்தால் வழி திறக்கும். கிடைத்த முதல் நல்ல கட்டுரையின் தலைப்பிலிருந்து சொற்களைத் திருடி மறுபடி தேடுங்கள். இந்தத் திருட்டுக்குத் தண்டனை இல்லை.

நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: ஆன்டனி பெட்ரோசினோவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய மீளாய்வு. முதலில் 2002இல் வந்தது, 2013இல் புதுப்பித்தார்கள்.

படி 3: கட்டணச் சுவர் வந்தால் பக்கவாட்டில் பாருங்கள்

மீளாய்வு இலவசம். ஆனால் அது சுட்டும் தனிக் கட்டுரைகளைத் திறந்தால், சுருக்கம் மட்டும் காட்டிவிட்டுப் பணம் கட்டச் சொல்லும். இந்தச் சுவர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லைபீரியா சாட்சி. அந்நாட்டு மக்கள் சிலரின் இரத்தத்தில் எபோலாவுக்கான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டு, லைபீரியாவையும் எபோலா பகுதியில் சேர்க்க வேண்டும் என்று 1982இலேயே ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் கட்டுரை வந்திருந்தது. 2014இல் நோய் வெடித்தபோது அங்குள்ள சுகாதார அதிகாரிகளுக்கு இது தெரியாது. மறு ஆண்டு, நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் வேறு இருவரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: இப்படி ஒரு கட்டுரையைத் தரவிறக்க 45 டாலர், அது அங்குள்ள மருத்துவருக்குக் கிட்டத்தட்ட அரை வாரச் சம்பளம். இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதியவர்களில் லைபீரியர் ஒருவர்கூட இல்லை என்பதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது புகார்தான் இன்னும் உறைக்கிறது.

சரி, சுவரைச் சுற்றி முறையான வழிகள் என்ன? ஆய்வுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கோரிய புடாபெஸ்ட் அறிக்கை 2002இல் வந்ததிலிருந்து திறந்த அணுகல் இயக்கம் இரண்டு பாதைகளில் நடக்கிறது. ஒன்று, ஆய்விதழே எல்லோருக்கும் இலவசமாகத் தருவது. இதைப் பொன் வழி என்பார்கள். மற்றொன்று, எழுதியவர் தன் இறுதிக் கையெழுத்துப்படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ பொதுக் களஞ்சியத்திலோ வைப்பது. இது பசுமை வழி. பூட்டிய கட்டுரையின் பசுமைப் பிரதி எங்கோ சட்டப்படியே திறந்து கிடக்க வாய்ப்பு நிறைய உண்டு. அதைக் கண்டுபிடிக்க நான் போகும் வரிசை இது:

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் முழுத் தலைப்பையும் போட்டு, வலது பக்கம் பிடிஎஃப் இணைப்பு தெரிகிறதா பார்ப்பேன். இல்லையென்றால் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்குவேன். அப்புறம் 'அன்பேவால்' என்ற உலாவி நீட்சி. ஒருமுறை நிறுவிவிட்டால், இலவசப் பிரதி இருக்கும் பக்கங்களில் பச்சைப் பூட்டு ஒன்றைத் தானாகவே காட்டும். மருத்துவக் கட்டுரை என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம். எல்லாத் துறைக்கும் பொதுவாக 'கோர்', 'பேஸ்' என்ற இரண்டு தேடுபொறிகள் களஞ்சியங்களைத் துழாவித் தருகின்றன.

எதிலும் இல்லையா? எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் முகவரி இருக்கும். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான்கு வரி. கூச்சப்பட ஒன்றுமில்லை, வாசகர் கட்டும் பணத்தில் கட்டுரை ஆசிரியருக்குப் பங்கு போவதில்லை, தன் வேலையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்பதே அவருக்குச் சந்தோஷம்.

படி 4: படிக்கும் வரிசையை மாற்றுங்கள்

முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம். சுருக்கம், பிறகு ஆய்வுமுறை, பிறகு குறைபாடுகளை ஒப்புக்கொள்ளும் பகுதி. முடிவுரையைக் கடைசியில் பாருங்கள். அங்கேதான் எழுதியவரின் ஆசை அதிகம் கசியும்.

நம் மீளாய்வு சொல்வது: ஒன்பது சோதனைகள், 946 பேர், அமெரிக்காவின் எட்டு மாநிலங்கள், 1967 முதல் 1992 வரை. சிறையைப் பார்த்து வந்தவர்களிடம் குற்றம் குறையவில்லை. ஒன்றுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகவே இருந்தது. மிரட்டல் திட்டம் பயனற்றது என்பதோடு நிற்கவில்லை, கெடுதலே செய்யக்கூடும்.

அந்த மாநிலம், ஆண்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரே நாடு, எல்லாமே பழையவை. வேறு நாட்டில், இன்றைய பதின்வயதினரிடம் இதே அளவு விளைவு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் "இது நிச்சயம் பலன் தரும்" என்பவரிடம் ஆதாரம் கேட்க இது தாராளமாகப் போதும்.

விழுக்காடு வந்தால் உஷார். "பாதியாகக் குறைந்தது" என்பது நூற்றில் நாற்பது பேர் இருபது பேரானதாக இருக்கலாம், நூற்றில் இரண்டு பேர் ஒருவரானதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒதுக்க வேண்டிய பணம் ஒன்றல்ல.

படி 5: திறந்திருப்பதால் மட்டும் நம்பாதீர்கள்

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் திறந்த அணுகல்தான். இதழின் பெயர், தரம் பார்த்துச் சேர்க்கும் திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான 'டிஓஏஜே'யில் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். கட்டணம் வாங்கும் பழைய இதழ்கள் அதில் இருக்காது, அது குற்றமில்லை. முன்பதிப்பு என்று போட்டிருந்தால் சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். பயன்படுத்தலாம், அப்படிச் சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பெரிய இதழ் என்பதும் காப்புறுதி அல்ல. 2020 மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அந்த மருந்தை எடுத்துக்கொண்ட கோவிட் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்ததாக அறிவித்தது. ஜூன் 4 அன்று கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அதன் தரவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை. நீங்கள் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளத்தில் ஒருமுறை பாருங்கள். 2023 முதல் அந்தத் தரவு முழுதும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

தரவும் வெளியே கிடைக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. கடன் ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடாகிறது என்று ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் எழுதினார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகளுக்கு அது பெரிய ஆயுதமானது. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்ஸெல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சிக்கல்களும் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தால் வளர்ச்சி 2.2 விழுக்காடு என்று 2013இல் தன் பேராசிரியர்கள் இருவரோடு வெளியிட்டார். கோப்பைக் கொடுத்த அந்த இருவருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். கொடுக்காதவர்களின் பிழை வெளியே வருவதே இல்லை.

படி 6: ஒரு பக்கம் எழுதுங்கள்

கனடாவின் சுகாதாரச் சேவை ஆய்வு அறக்கட்டளை 1:3:25 என்று ஒரு கணக்கு சொன்னது. ஒரு பக்கம் முக்கியச் செய்திகள், மூன்று பக்கம் சுருக்கம், இருபத்தைந்து பக்கம் அறிக்கை. தொடக்கக்காரருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

முதல் வரியிலேயே விடை: "சிறையைக் காட்டி மிரட்டும் திட்டத்தைத் தொடங்க வேண்டாம், ஒன்பது சோதனைகளின்படி அது குற்றத்தைக் கூட்டக்கூடும்." அடுத்த பத்தியில் எண்கள். அதற்கடுத்து எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பது: எல்லாம் அமெரிக்க ஆய்வுகள், கடைசியானது 1992. கடைசிப் பத்தியில் மாற்று வழி. "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், ஏதாவது செய்தே தீர வேண்டிய அதிகாரி அதை ஓரமாக வைத்துவிடுவார். கேம்பெல் தளத்தில் வேறு என்ன திட்டங்களுக்கு மீளாய்வு இருக்கிறது என்று தேடி இரண்டைச் சொல்லுங்கள்.

பிறர் வரைபடத்தை அப்படியே ஒட்டப் போகிறீர்கள் என்றால் உரிமத்தைப் பாருங்கள். 'சிசி பை' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். சொந்த நடையில் எழுதி மூலத்தைச் சுட்டுவதற்கு எந்த உரிமமும் தடையில்லை.

இணைப்பு கொடுக்கும்போது கட்டுரையின் இலவசப் பிரதிக்குக் கொடுங்கள். உங்கள் குறிப்பைச் சரிபார்க்கச் சொல்லி ஓர் உதவியாளரிடம் தருவார்கள். அவர் சொடுக்கும்போது கட்டணச் சுவர் வந்தால் அங்கேயே நின்றுவிடுவார். பக்கத்தின் அடியில், தேடிய தேதியையும் பயன்படுத்திய தேடுசொற்களையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.