புதிய மடிக்கணினியைப் பதற்றமின்றி அமைப்பது எப்படி? விண்டோஸ் 11-க்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

புதுக் கணினி வாங்கிய அன்றே அதில் எல்லா வேலைகளையும் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் பெரும்பாலான எரிச்சலுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸ் 11 முதன்முறை இயங்கும்போது நாம் செய்ய வேண்டிய வேலை குறைவு. காத்திருக்கும் நேரமே அதிகம். அதனால், எதை அழுத்த வேண்டும் என்பதோடு, எந்த இடத்தில் எதையும் தொடாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: நேரத்தையும் தேவையானவற்றையும் தயார் செய்தல்

மறுநாள் காலையில் அவசர வேலை எதுவும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை கடவுச்சொல், ஓடிபி வரும் கைப்பேசி, ஒரு குறிப்பேடு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சார்ஜரை இணைத்த பிறகே கணினியை இயக்குங்கள்.

படி 2: நாடும் விசைப்பலகையும்

இங்கே நிதானமாகப் படியுங்கள். இந்தியாவில் விற்கப்படும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அமெரிக்க முறை விசைப்பலகையே இருக்கும். கவனிக்காமல் பிரிட்டன் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஷிப்டுடன் 2-ஐ அழுத்தும்போது மின்னஞ்சல் முகவரிக்கு வேண்டிய '@' குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோள் குறி விழும். முகவரியில் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் அங்கே பிழை எங்கே என்பதே புரியாது. கடவுச்சொல் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால், உடனே அதை மாற்ற முயலாமல், பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தி உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

படி 3: அப்டேட் முடியும் வரை காத்திருத்தல்

பொறுமையை மிகவும் சோதிக்கும் கட்டம் இதுதான். சதவீத எண் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும், பிறகு சட்டென்று தாவும், திரை கறுத்துப்போகும், கணினி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தானாகவே அணைந்து மீண்டும் எழும். இவை அனைத்தும் இயல்பானவை. புள்ளிகள் சுழன்றுகொண்டிருக்கும் வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். கோப்புகள் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் அப்டேட் பாதியில் முறிந்து, இவ்வளவு நேரம் காத்திருந்ததும் வீணாகலாம். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எதுவும் விரைவாகாது. எழுந்து போய் வேறு வேலையைப் பாருங்கள்.

படி 4: கணக்கு, பின் எண், மீட்புத் திறவுகோல்

மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லும் பின் எண்ணும் வேறு வேறு. பின் எண் அந்த ஒரு கணினியைத் திறப்பதற்கு மட்டுமே. இணையத்தில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அது செல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல் கணக்கே முடங்கிவிட்டதாகக் கலங்குபவர்கள் நிறையப் பேர்.

இப்போது வரும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. பின்னொரு நாள் கணினி திடீரென 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புத் திறவுகோலைக் கேட்டால், அது இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. உங்கள் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதி, கணினிப் பைக்குள் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்பவர்கள் இதையாவது செய்துவிட வேண்டும்.

படி 5: தமிழ்த் தட்டச்சு

செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, தமிழ் 99 (தமிழுக்கென்றே வகுத்த விசை அமைப்பு) அல்லது ஒலிப்பு முறை (ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தட்டுவது) விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய ஆவணங்கள் புதுக் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியக்கூடும். ஆவணம் கெட்டுவிடவில்லை, அந்த எழுத்துரு இங்கே இல்லை, அவ்வளவுதான். அதை நிறுவினாலோ, இன்றைய கணினிகளுக்குப் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றினாலோ சரியாகிவிடும்.

படி 6: பிழைச் செய்தி வந்தால்

முதலில் கைப்பேசியில் அதைப் படம் எடுங்கள். '0x' என்று தொடங்கும் குறியீடுதான் தீர்வு தேட உதவும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, ரீஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. எரிச்சல் ஏறும்போது திரையில் தோன்றும் உதவி எண்ணுக்கு அழைக்கத் தோன்றும், தயவுசெய்து அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. ஏமாந்து பணம் போய்விட்டால், இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனடியாகப் புகார் செய்யுங்கள்.

படி 7: கோப்புகளை மாற்றுதல்

512 ஜிபி என்று வாங்கிய வட்டு 476 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளிலும் விண்டோஸ் 1,024-இன் மடங்குகளிலும் கணக்கிடுகின்றன. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே என்பதால், குடும்பப் படங்களை வெளி ஹார்டு டிஸ்க் வழியாக மாற்றுவதே நல்லது. மாற்றியவற்றில் சிலவற்றைத் திறந்து பாருங்கள். பழைய கணினியை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். வரி கட்டும் நேரத்திலோ பள்ளிச் சேர்க்கையின்போதோ தேவைப்படும் ஏதோவொரு ஸ்கேன் படம் அதில்தான் இருக்கும்.