எலுமிச்சை: சாறு வயிற்றுக்கு, தோல் மூக்குக்கு

எலுமிச்சையைப் பிழிந்ததும் மூடியைக் குப்பையில் போட்டுவிடுவது நம் வழக்கம். ஆனால் இப்பழத்தின் மணம் பெரும்பாலும் சாற்றில் இல்லை. தோலின் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. பிழிந்த மூடியை மடக்கி, எரியும் மெழுகுவத்திக்கு அருகே தோல் வெளிப்புறமாக இருக்கும்படி அழுத்திப் பாருங்கள்; தெறிக்கும் எண்ணெய் சுடரில் பட்டு, மத்தாப்புப் போலப் பொறிந்து அணையும். அதில் பெரும்பங்கு லிமோனின் என்னும் பொருள். எலுமிச்சைக்கே உரிய வாசனையைத் தருவது சிட்ரல்.

முதலில் சாற்றைப் பார்ப்போம். தென்காசி மாவட்டம் புளியங்குடிச் சந்தையிலிருந்து வருவது போன்ற, தோல் மெலிந்த, கையில் கனமாக நிற்கும் பழத்தைத் தேர்ந்தெடுத்து, நறுக்குவதற்கு முன் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு எளிதில் இறங்கும். 100 மில்லி சாற்றில் வைட்டமின் சி ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஒரு பழத்தின் சாறு அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தேறும் என்பதால், அந்தச் சத்துக்காக மட்டும் என்றால் கொய்யாப்பழமே மேல். பிரிட்டிஷ் கடற்படை 1860களில் மத்தியதரைக் கடற்பகுதியின் மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சையை விட்டுவிட்டு, நம்முடையதைப் போன்ற சிறிய பழத்தின் சாற்றுக்கு மாறியதும், 1875இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட குழு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் வீழ்ந்ததும் இந்தக் குறைவை உணர்த்திய நிகழ்வுகள்.

சாற்றின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி-யும் சிட்ரிக் அமிலமும் துணை செய்கின்றன. எனவே முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் அரை மூடி பிழிந்துகொள்வது நல்லது. கொதிக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் குறைவதோடு கசப்பும் ஏறும். சாற்றிலுள்ள இந்த அமிலத்தால் சிறுநீரில் சிட்ரேட் என்னும் உப்பு கூடுவதால் சிலவகைச் சிறுநீரகக் கல் உருவாவது தடைபடும் என்பதும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. சர்க்கரை போட்ட காப்பிக்குப் பதிலாக அதைக் குடிப்பதால் கிடைக்கும் நன்மையே அங்கு நிகழ்கிறது. குடித்தபின் வெறும் நீரால் வாயைக் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். அமிலத்தால் இளகிய எனாமல் உடனே தேய்த்தால் அரிபடும்.

இனி மணத்துக்கு வருவோம். கொடைக்கானல் மலைப்பாதையில் குமட்டல் வந்தால் பழத்தை நகத்தால் கீறி முகர்வது நம் பேருந்துகளில் நெடுநாளாகக் காணும் கைமருந்து; கர்ப்பகாலக் குமட்டல் இம்மணத்தால் ஓரளவு தணிவதாகச் சிறிய ஆய்வுகளும் கூறுகின்றன. வீட்டில் செய்ய, கழுவித் துடைத்த பழத்தின் நிறமுள்ள மேல்தோலை மட்டும், வெண்பகுதி சேராமல் துருவி, அகன்ற பாத்திரத்திலுள்ள வெந்நீரில் இட்டு அறையின் ஒரு மூலையில் வைத்தால் போதும். கடையில் வாங்கிய எண்ணெயானால் மணம் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் மூன்று, நான்கு சொட்டுகளுக்கு மேல் வேண்டாம். மனம் இலேசாவதை உணரலாம், ஆனால் இது நோய் தீர்க்கும் மருந்தன்று. வீட்டில் பூனை இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். சிட்ரஸ் எண்ணெய் அதற்கு நஞ்சாகலாம்.

எண்ணெயை ஒருபோதும் குடிக்கக் கூடாது. தேங்காயெண்ணெயில் நன்கு நீர்க்காமல் தோலில் தடவவும் கூடாது. குளிர்முறையில் பிழிந்த எண்ணெயிலும் தோலிலும் உள்ள ஃபுரானோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் தோலைத் தீக்காயம்போல் கொப்புளிக்க வைத்து, ஆறியபின் கருந்தழும்பை விட்டுச்செல்லும். முகம் வெளுக்க மூடியைத் தேய்த்துக்கொண்டு வெளியே கிளம்புகிறவர்கள் பெறுவது பெரும்பாலும் இதைத்தான். காற்றுப் பட்டுப் பழசான லிமோனின் ஒவ்வாமையையும் தூண்டும். ஆகவே பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாசனை மாறிய எண்ணெயைத் தோலுக்கு எடுக்காதீர்கள்.