சிவப்புக் காரோடு ஊருக்குள் போவது எப்படி

கார் யாருடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். தம்பியுடையது. 2020 கடைசியில் கனடாவுக்குப் போகும்போது சாவியை என் கையில் தந்து, "அக்கா, கிழமைக்கு ஒருக்கா ஓடாட்டி பற்றரி செத்துப்போயிடும்" என்றான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உவர்மலையில் இருந்து நிலாவெளி வரை போய்த் திரும்புவது என் தலையில் விழுந்தது. நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். கார் மஸ்டா எம்எக்ஸ்-5, தொண்ணூறுகளின் தொடக்கத்து வண்டி. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றது. சிவப்பு. இரண்டே இரண்டு சீற். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். முன் லைற் இரண்டும் பகலில் பொனற்றுக்குள் படுத்திருக்கும். பட்டனை அமத்தினால் தவளைக் கண்மாதிரி எழும்பும்.

உங்களுக்கும் இப்படியொன்று வந்து வாய்க்கலாம். மச்சானின் கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம், லீவில் வந்த சொந்தக்காரர் "ஒரு ரவுண்ட் ஓடிப் பாரன்" என்று தந்ததாக இருக்கலாம். ஓட்டுவதை யாரும் சொல்லித் தருவார்கள். கிளச், கியர் எல்லாம் மற்றக் கார் மாதிரித்தான். தெருவில் நிற்கிற சனத்தோடு என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

விலையில் இருந்து தொடங்குவோம். பெற்றோல் செட்டில், கோயில் வாசலில், மருந்துக்கடை முன்னால், எங்கே நிறுத்தினாலும் "இப்ப என்ன விலை போகும்?" என்பார்கள். இதைப் பொறாமை என்று எடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது அரசாங்கம். தனியார் வாகனங்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடையில் அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய காரின் விலை தங்கத்தின் விலை மாதிரி ஏறியது. வாசலில் ஓட்டை அல்ட்டோ வைத்திருந்தவரும் தன்னுடையது எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்தார். ஆகவே அந்தக் கேள்வி பாதி உங்கள் காரைப் பற்றியது, பாதி அவருடைய காரைப் பற்றியது.

ஆனால் எண்ணைச் சொல்லாதீர்கள். நான் முதல் மாதம் உண்மையைச் சொன்னேன். மூன்றாம் ஞாயிறுக்குள் அது ஊரைச் சுற்றி, வளர்ந்து, ஆசிரியர் அறைக்கு வந்து சேரும்போது "மிஸ் ரியூசன் காசில ஒரு கோடிக்குக் கார் எடுத்திருக்கிறா" என்று ஆகிவிட்டது. இப்போது என் பதில் இதுதான்: "தம்பின்ர கார், விக்கிற எண்ணம் இல்லை. லீற்றருக்குப் பத்துத்தான் ஓடும்." கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். லீற்றருக்குப் பத்து என்றதும் கேட்டவரின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அவருடைய அல்ட்டோ அதைவிடக் கூட ஓடும். "அப்ப வீட்டுப் பாவனைக்குச் சரிவராது, என்ன" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு நானா அதற்கும் மேலே போனார். காரைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து, டிக்கிக்குள் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, ரெண்டு பேர்தான் ஏறலாமெண்டா பிள்ளைகள எங்க வைக்கிற? அரிசி மூட்டைய எங்க வைக்கிற?" என்றார். இன்றுவரை இதைவிட நியாயமான விமர்சனம் இந்தக் காருக்கு வந்ததில்லை.

அடுத்தது வேகம். இந்தக் காரில் நீங்கள் நாற்பதில் போனாலும் பார்ப்பவருக்கு எண்பது. சீற் நிலத்தோடு ஒட்டி இருக்கிறது, சைலன்சர் கொஞ்சம் உறுமுகிறது, நிறம் சிவப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் நின்றுகொண்டிருக்கிற காரே ஓடுவது போலத்தான் தெரியும். ஒருநாள் அலஸ்தோட்டத்தில் இரண்டு மாடுகளுக்குப் பின்னால் முப்பதுக்கும் குறைவாக ஊர்ந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போக முதலே அம்மாவுக்கு யாரோ போன் எடுத்துவிட்டார்கள்: "உங்கட மகள் நிலாவெளி ரோட்டில பறக்கிறா." மாடுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊருக்குள் ஐம்பது, வெளியே எழுபது என்பது சட்டம். இந்தக் காருக்கு ஊர் வைத்திருக்கிற சட்டம் அதிலும் பத்துக் குறைவு. அதற்குள் நின்றுகொள்ளுங்கள், வீட்டில் பேச்சுக் கேட்கத் தேவையில்லை.

மோட்டார் சைக்கிள் பெடியள் பக்கத்தில் வந்து அக்சிலேற்றரை முறுக்குவார்கள். சாம்பல்தீவு தாண்டி ரோடு நேராகிற இடத்தில் இது நிச்சயம் நடக்கும். நீங்கள் ஓடினால் அவர்களும் ஓடுவார்கள், அவர்களில் ஒருவனுடைய தலையிலாவது ஹெல்மெட் இராது. கையை வெளியே நீட்டி "போங்கோ தம்பி" என்று காட்டிவிடுங்கள். முன்னால் போய், திரும்பிப் பார்த்து, வென்ற முகத்தோடு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். போகட்டும். அடுத்த கிழமை அதே பெடியள் சந்தியில் கண்டால் கை காட்டுவார்கள்.

ஹோர்ன் சத்தத்துக்குப் பதறாதீர்கள். 1968இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. டூப், குரோஸ் என்ற இரண்டு பேர் கலிபோர்னியாவில் பச்சை லைற் விழுந்த பிறகும் காரை எடுக்காமல் நின்று பார்த்தார்கள், ஒருமுறை புதிய ஆடம்பரக் காரில், ஒருமுறை பழைய காரில். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவீதம் பேர் பன்னிரண்டு செக்கனுக்குள் ஹோர்ன் அடித்தார்கள். ஆடம்பரக் காருக்கு 50 சதவீதம்தான். பத்தாம் வகுப்புக்கு இதைச் சதவீதக் கணக்காகவே கொடுத்தேன். ஒரு பொடியன் எழும்பி, "மிஸ், அது அமெரிக்காவில. உங்கட காருக்கு இஞ்ச எல்லாரும்தானே அடிக்கினம்" என்றான். உண்மைதான். அங்கே மரியாதைக்கு அடிக்காமல் விடுகிறார்கள், இங்கே மரியாதைக்கே அடிக்கிறார்கள். குட்டியாக இரண்டு தரம் அடித்தால் அது வணக்கம். இழுத்து அடித்தால் ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். புல்மோட்டைப் பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் வேறு வகை. அந்தச் சாரதியின் கண்ணாடியில் உங்கள் கார் முழுதாக விழாது, அவ்வளவு தாழ்வான வண்டி. பஸ்ஸுக்குப் பக்கத்தில் மினக்கெடாமல் பின்னுக்கு நின்றுவிடுங்கள். அங்கே உங்கள் சிவப்பு ஒருவரையும் கவராது.

பெண்கள் ஓட்டினால் இன்னொன்றும் உண்டு. அக்காவின் மகன், பதின்மூன்று வயது, சில ஞாயிறுகளில் என்னோடு வருவான். காரை நிறுத்தினால் ஆண்கள் நேரே அவனிடம்தான் போவார்கள். "தம்பி, எத்தனை சீசீ?" எஞ்சினைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, சீற்றில் இருந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "சித்தியைக் கேளுங்கோ" என்பான். "1600" என்பேன். அதையும் அவனைப் பார்த்தே "ஆ, 1600" என்று திருப்பிச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இப்போது ஒரு வேலை செய்கிறேன்: பேச்சைத் தொடங்குகிறவரிடம், "அண்ணன், ஒருக்கா அந்தப் பக்க ரயரில காத்துக் காணுமோ பாருங்கோ" என்பேன். அவர் குனிந்து பார்ப்பார், பார்த்து முடிய என்னிடம்தான் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு பேச்சு என்னோடு.

பொலிஸ் மறித்தால் பயப்படத் தேவையில்லை. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் மூன்றையும் சீற்றுக்குப் பின்னால் இல்லாமல் கையெட்டும் இடத்தில் வையுங்கள். பாதி நேரம் கடதாசியைப் பார்த்துவிட்டு, "லைற்றை ஒருக்கா எழுப்பிக் காட்டுங்கோ" என்றுதான் கேட்பார்கள்.

படம் எடுப்பவர்கள் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், என் கைக்காசு போன இடம் அது. டச் பேயில் பின்னேரம் நிறுத்திவிட்டுக் கடலை வாங்கப் போனேன். திரும்பி வரும்போது கலியாணத்துக்கு வந்த கூட்டம் ஒன்று, மாப்பிள்ளைத் தோழன் பொனற்றில் ஏறி இருந்து செல்பி. இந்தக் காரின் பொனற் அலுமினியம். பாரம் குறையட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அவன் இறங்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம். கையால் தடவினால் தெரிகிற பள்ளம், பார்த்தால் வெயில் சரிந்த நேரத்தில் மட்டும் தெரியும். பாவம், பெடியன் வெலவெலத்துப் போனான். அவனோடு சண்டை பிடித்து என்ன? கராஜில் கொடுத்ததில் நிறமும் சரியாகச் சேரவில்லை, முப்பது வருடம் வெயில் குடித்த சிவப்பு எந்த டப்பாவிலும் இல்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். இப்போது யாராவது போனோடு சுற்றத் தொடங்கினால் நானே கதவைத் திறந்து, "உள்ளுக்க இருந்து எடுங்கோ" என்கிறேன். சாவி என் கையில் இருக்கும், ஹான்ட்பிறேக் இழுத்திருக்கும். ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி படம் எடுத்தால் ஒருவருக்கும் பொனற்றில் ஏறத் தோன்றாது. பின்பொக்கற்றில் சாவிக்கொத்து இருந்தால் மட்டும் முதலே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சீற் கிழியும்.

ஒரு காலம் மட்டும் இந்த வழிகள் ஒன்றும் உதவவில்லை. 2022. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் எடுக்கிற பங்கீடு வந்தபோது கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த வரிசையில் கூரை மூடிய சிவப்புக் காருக்குள் இருந்தேன். எனக்கு முன்னால் ஓட்டோ. அதில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. அவர் இறங்கி வந்து காரைப் பார்த்தார். விலை கேட்கவில்லை. "இது என்னத்துக்கு ஓடுது, மிஸ்?" என்றார். பற்றரி சாகாமல் இருக்க என்று எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் வரிசையை விட்டு வெளியே எடுத்து வீட்டுக்கு வந்து, பற்றரி வயரைக் கழற்றிவிட்டுப் படங்கு போட்டு மூடினேன். தம்பிக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன், செத்தால் சாகட்டும் என்று. செத்தது. பிறகு புதிது போட்டோம். அப்படிப்பட்ட நாளில் உங்களிடம் இப்படி ஒரு கார் இருந்தால் வீட்டில் நிற்கட்டும். அந்தப் பார்வைக்குப் பதில் கிடையாது.

கண்ணூறு பற்றி அம்மாவிடம் விட்டுவிடுங்கள். என் அம்மா பத்திரகாளி கோயிலில் பூசை செய்வித்து, நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்து நசிக்க வைத்து, முன்னால் மிளகாயும் தேசிக்காயும் கட்டிவிட்டா. சண்டை பிடிக்க வேண்டாம். முன் கிறில்லில் கட்டினால் எஞ்சினுக்குப் போகிற காற்றுக்குத் தடை, நம்பர் பிளேற்றுக்குக் கீழே கட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இந்தக் காரைச் சட்டை செய்யாத சீவன் திருகோணமலையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: கோட்டைக்குள் திரிகிற மான். கோணேசர் கோயிலுக்குப் போய்வந்து, அர்ச்சனைத் தட்டைப் பக்கத்துச் சீற்றில் வைத்து, கூரை திறந்தபடி செருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மான் வந்து, கதவின் மேலால் கழுத்தை நீட்டி, வாழைப்பழத்தைத் தோலோடு சாப்பிட்டது. பிறகு வெற்றிலை. கற்பூரப் பெட்டியை மணந்து பார்த்துவிட்டு விட்டது. சுற்றி நின்ற பத்துப் பேரும் அதுவரை காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். இப்போது மானை எடுத்தார்கள். எனக்கு அன்று கிடைத்த ஓய்வு வேறெந்த நாளும் கிடைக்கவில்லை. கோட்டைக்குள் கூரையைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பிள்ளைகளைக் கடைசிக்கு வைத்தேன், அதுதான் இந்த வேலையில் சுகமான பகுதி. அவர்களுக்கு விலை வேண்டாம், சீசீ வேண்டாம். "கண்ணைத் திறங்கோ" என்பார்கள். நடுவில் இருக்கிற சின்னப் பட்டனை அமத்தினால் லைற் எரியாமலே எழும்பும். பகலில் அதுவே போதும். மூன்று தரத்துக்கு மேல் செய்யாதீர்கள், மோட்டர் சூடாகும். நான் செய்தேன். போன மாசியில் நிலாவெளிக் கரையில் வலைக்காரரின் பிள்ளைகள் ஆறேழு பேர் நிற்க, இடப்பக்கக் கண் பாதியில் நின்றுவிட்டது. வலது கண் முழித்தபடி. ஒரு சின்னப் பெட்டை கையைத் தட்டி, "கண்ணடிக்குது!" என்று கத்தினாள்.

பொனற்றைத் திறந்தால் அந்த மோட்டரின் தலையில் ஒரு றப்பர் மூடி, அதன் கீழே ஒரு குமிழ். கையால் சுற்றினால் லைற் மெல்ல மெல்ல எழும்பும். அதை அன்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். வரிசையில் நின்று ஆளுக்கு நாலு சுற்று. ஒருவன் எழுப்ப, மற்றவன் இறக்க, பொழுது பட்டுவிட்டது. கொழும்பில் மோட்டர் ஒன்று இருக்கிறதாம், அனுப்புகிறேன் என்கிறார்கள். நானும் இன்னும் காசு போடவில்லை.