ஜப்பானிய மேலாளருக்கும் நம் சூப்பர்வைசருக்கும் நடுவே ஒரு தொழில்

ஜப்பானிய மொழி படித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை முடித்துவிட்டேன், வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி என்று மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. நான் செய்வது அதற்கு அடுத்த வேலை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு நாட்டுக்காரர்களையும் சேர்ந்து வேலை செய்யப் பழக்குகிறேன். இதற்கு ஆள் குறைவு, கூலி அதிகம். வர விரும்புகிறவர்களுக்குச் சில வழிகள் சொல்கிறேன்.

முதலில் மொழி. ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. என்5 அடிப்படை, என்1 உச்சம். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் வகுப்பும் எடுக்கிறது, தேர்வையும் நடத்துகிறது. தமிழருக்கு இலக்கணம் எளிதில் வசப்படும். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்ற ஜப்பானிய மொழியறிஞர் சூசுமு ஓனோவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அவர்கள் ஏற்காவிட்டால் என்ன, வாக்கிய அமைப்பு தரும் சலுகையை நாம் அனுபவித்துக்கொள்ளலாம். உட்கார்ந்து உழைக்க வேண்டியது சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளுக்குத்தான். ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2136 எழுத்துகள் இருக்கின்றன.

ஆனால் அந்தத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண்ணே இல்லை. படிப்பதும் கேட்பதும் மட்டுமே. அதனால்தான் என்2 சான்றிதழோடு வருகிற பலர் உற்பத்தி லைனில் நின்று வாய் திறக்கத் திணறுகிறார்கள். தினமும் ஒரு சிறிய செய்திப் பதிவைக் கேட்டு, அரை நொடி பின்தங்கி அப்படியே சொல்லிக்கொண்டு போகும் பயிற்சியைச் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அடுத்து, நேராகப் பயிற்சியாளராகக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு தொழிற்சாலைக்குள் மொழிபெயர்ப்பாளராக இருங்கள். டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு), மோல்டு (வார்ப்பு அச்சு), ரிஜெக்‌ஷன், 5எஸ் (பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை), கைசன் (சிறுகச் சிறுகத் தொடர்ந்து மேம்படுத்துவது) எல்லாம் காதில் விழ வேண்டும். மனிதவளத் துறையின் குளிர் அறையைவிட உற்பத்திப் பிரிவின் காலைக் கூட்டத்தில் கற்பது அதிகம். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வேலை எங்கே முடங்கியது, அப்போது யார் என்ன சொன்னார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று எழுதிவையுங்கள். பின்னால் உங்கள் பாடத்திட்டம் அந்த நோட்டுதான்.

என் நோட்டிலிருந்து ஒன்று. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், சப்ளையரிடமிருந்து வரவேண்டிய டை தாமதமாகும் என்று சூப்பர்வைசருக்குத் திங்கட்கிழமையே தெரியும். பெரியவரிடம் பிரச்சினையைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது, தீர்த்துவிட்டுச் சொல்வதே மரியாதை என்று அவர் நான்கு நாள் தனியாக அலைந்தார். முடியவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னார். ஜப்பானிய மேலாளர் முகம் இறுகிப்போய் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். தாமதத்துக்காகக் கோபம் என்று சூப்பர்வைசர் நினைத்தார். மேலாளர் என்னிடம் கேட்டது வேறு: "திங்கட்கிழமை ஏன் சொல்லவில்லை?" கெட்ட செய்தி உடனே மேலே வர வேண்டும், தீர்வு பிறகு வரட்டும் என்பது அவர் பழகிய முறை. இரண்டு பேருமே தாங்கள் மரியாதையாக நடந்துகொண்டதாக நம்பினார்கள்.

இங்கே 'ஜப்பானியப் பண்பாடு' என்று படம் போட்டு வகுப்பெடுத்தால் ஒரு பயனும் இல்லை. நான் செய்தது இரண்டு. சூப்பர்வைசர்களை எழுப்பி நிறுத்தி ஒரு நிமிட அறிக்கை சொல்லப் பழக்கினேன்: என்ன நடந்தது, எவ்வளவு பாதிப்பு, அடுத்த தகவல் எந்த நேரத்தில். "டை தாமதமாகலாம். வியாழன் உற்பத்தி பாதிக்கும். நாளை பன்னிரண்டு மணிக்கு உறுதியாகச் சொல்கிறேன்." இதைக் கூச்சம் போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மேலாளரைத் தனியாக உட்கார வைத்து, "முடியுமா?" என்று கேட்பதை நிறுத்தச் சொன்னேன். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில், "முடியும் சார்." அதற்குப் பதில், "எப்போது முடியும், எது தடையாக இருக்கிறது?" என்று கேட்கப் பழகினார். கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் எல்லோர் முன்னாலும் முகம் சுளிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது அவருக்குக் கடினமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் படிப்பும் தேவை. சொல்லாமல் விட்டதைச் சூழலிலிருந்து புரிந்துகொள்ளும் சமூகங்களைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் எழுதியிருக்கிறார். ஜப்பானியரும் அப்படி, நாமும் அப்படி. அதனால் ஒத்துப்போவோம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு: இருவரும் குறிப்பால் பேசுகிறார்கள், குறிப்புகள் வேறு வேறு, அதனால் சண்டை வெளியே வராமலே புகைகிறது. நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட்ட ஹாஃப்ஸ்டெட்டின் நாட்டு மதிப்பெண்களையும் படியுங்கள், ஆனால் வகுப்பில் காட்டாதீர்கள். ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் தொடங்கிய சராசரிகள் அவை. கேன்டீனில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் சராசரி அல்ல.

மொழிப் பயிற்சி என்றால் ஜப்பானியம் மட்டும் என்று எண்ண வேண்டாம். பல கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஜப்பானியப் பொறியாளர் ஆங்கிலத்தை எழுத்தில் படித்தால் புரிந்துகொள்வார். நம்மவர் ஆங்கிலத்தை வேகமாகப் பொரிந்து தள்ளினால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம், எண்ணும் தேதியும் பலகையில். இதை நம்மவருக்குப் பழக்குவதற்கே நல்ல கிராக்கி இருக்கிறது. அந்தப் பக்கம், புதிதாக வரும் ஜப்பானியருக்குக் கேன்டீன் அளவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் மேலாளருக்கு லைனில் கிடைக்கும் ஒத்துழைப்பே தனி.

சான்றிதழ் வேண்டுமா? பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் மனிதவளத் துறை கேட்கும். சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பான ஐ.சி.எஃப்.பின் முதல்நிலைச் சான்றான ஏ.சி.சி.க்குக் குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரப் பயிற்சி அனுபவமும் வேண்டும். சிறு தொழிற்சாலைகள் கேட்பதில்லை. ஏற்கெனவே எங்கே செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கும். அதனால் தொடக்கத்திலேயே அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

தொலைபேசிச் செயலியே மொழிபெயர்க்கிறதே, நமக்கு வேலை இருக்குமா என்ற பயம் நியாயமானது. மின்னஞ்சல், கையேடு மொழிபெயர்ப்பு பெரும்பாலும் செயலியிடம் போய்விட்டது. மேலாளர் ஏன் எழுந்து போனார் என்று கேட்டால் செயலி விழிக்கும்.

ஒரு கண்டிப்பான விதி. பயிற்சியில் ஊழியர் சொன்னதை மேலாளரிடம் சொல்லாதீர்கள். "யார் அப்படிச் சொன்னது?" என்று கட்டாயம் கேட்பார்கள். பெயர் வராது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, முதல் நாள் இரு தரப்புக்கும் அவரவர் மொழியில் வாசித்துக் காட்டிவிடுவேன். ஒரு பெயர் கசிந்தால் அந்தத் தொழிற்பேட்டை முழுவதும் உங்களிடம் வாய் மூடிக்கொள்ளும்.

கடைசியாகக் காசு. மணிக்கணக்கில் விலை சொன்னால் டியூஷன் வாத்தியாரோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவார்கள். பிரச்சினையைக் கேட்டு, பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் கொண்ட திட்டமாக விலை சொல்லுங்கள். முன்கூட்டியே லைனைப் பார்க்கும் நாளுக்கும் கட்டணம் உண்டு. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகப் பதிந்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிந்தவருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது சட்டம். கணக்குப் பிரிவுக்கு இதை நினைவூட்டக் கூச்சப்பட வேண்டாம். நான் முந்தைய அமர்வுத் தொகுதிக்கான பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் அடுத்த தொகுதிக்குத் தேதி கொடுக்கிறேன்.