நியூ ஜெர்சி வீட்டுக்கு மோவர் வாங்கப் போகிறவருக்கு

மோவர், அதாவது புல்வெட்டும் இயந்திரம், ஓடிக் கெடுவது குறைவு. ஷெட்டில் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். எங்கள் நடு நியூ ஜெர்சியில் புல் ஏப்ரலில் கிளம்பி நவம்பரில் அடங்கும். மற்ற மாதங்களில் மோவர் குளிரில் ஒரு மூலையில் கிடக்கும். அதைத் தாங்கிவிட்டு வசந்தத்தில் அடம்பிடிக்காமல் கிளம்புவதைத்தான் நான் நம்பகமான மோவர் என்பேன். அப்பார்ட்மெண்டிலிருந்து தனி வீட்டுக்கு மாறுகிற நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி அண்ணா நல்லது?" என்பதுதான். கம்பெனி கடைசியில்தான் வரும். புல் எவ்வளவு, தரை சமமா சரிவா, குளிர்காலத்தில் எங்கே வைப்பீர்கள், கெட்டால் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அதற்கு முன்னால் முடிவாக வேண்டும். நான் கடைக்காரன் இல்லை. அக்கம்பக்கத்து மோவர்களைச் சனிக்கிழமைகளில் பிரித்துப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

முதலில் அளவு. பத்திரத்தில் கால் ஏக்கர் என்று இருக்கும். நம்மூர்க் கணக்கில் 25 சென்ட், அதாவது 10,890 சதுர அடி. வீடு, டிரைவ்வே, வீட்டை ஒட்டிய மரத்தளம், மரத்தடி, பூச்செடிகள் எல்லாம் போனால் வெட்ட வேண்டிய புல் 6,000, 7,000 சதுர அடி தேறலாம். கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியை எடுத்து, புல்லைச் சுற்றிப் புள்ளி வைத்துத் தொடங்கிய இடத்தில் முடித்தால் பரப்பளவையே சொல்லிவிடும்.

சாதாரண மோவரின் வெட்டும் அகலம் 21 அல்லது 22 அங்குலம். மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால் காகிதக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 27,000 சதுர அடிக்கு மேல் வரும். ஆனால் ஒரு வரிசை இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏற வேண்டும், முனையில் திரும்ப வேண்டும், மரத்தைச் சுற்ற வேண்டும், குழந்தைகள் போட்டுவிட்டுப் போன பந்தை எடுக்க வேண்டும். பாதி கிடைத்தால் நல்லது. ஆக 7,000 சதுர அடிக்கு அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். புல் மட்டுமே அரை ஏக்கரைத் தாண்டினால் 30 அங்குல மோவரையோ உட்கார்ந்து ஓட்டுவதையோ யோசிக்கலாம். 30 அங்குலம் வாங்கும் முன் வேலிக் கதவை அளந்துவிடுங்கள்.

அடுத்து, பேட்டரியா பெட்ரோலா. 7,000 சதுர அடிக்குள், பெரிய சரிவு இல்லாத புல்லுக்கு இன்று என்னைக் கேட்டால் பேட்டரி என்றே சொல்வேன். சுற்றுச்சூழலுக்காகவும் சத்தத்துக்காகவும் சொல்பவர்கள் உண்டு, அதுவும் சரிதான். என் காரணம் வேறு. ஷெட்டில் கெட்டுப்போவதற்கு அதில் பெட்ரோலும் இல்லை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரும் இல்லை.

பேட்டரி வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். வோல்ட்டையும் ஆம்ப்-மணியையும் (பெட்டியில் Ah) பெருக்குங்கள், பேட்டரியில் மொத்தம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பது வாட்-மணியில் வரும். 56 வோல்ட், 7.5 ஆம்ப்-மணி என்றால் 420 வாட்-மணி. 40 வோல்ட், 6 ஆம்ப்-மணி என்றால் 240. 80 வோல்ட், 2.5 ஆம்ப்-மணி என்றால் 200தான். இந்த மூன்றில் அதிக நேரம் ஓடப்போவது 56 வோல்ட். 80 என்ற எண்ணைப் பார்த்து வாங்கியவர் பாதிப் புல்லில் நிறுத்திவிட்டு, சார்ஜ் ஏறக் காத்துக்கொண்டிருப்பார். பெட்டியில் எழுதியிருக்கும் ஓட்ட நேரம் காய்ந்த, குட்டையான புல்லுக்கு. மே மாதத்து மழைக்குப் பிறகு இங்கே புல் வளரும் வேகம் வேறு. அந்த ஈரப்புல்லில் பெட்டி சொல்வதில் பாதியைத்தான் நான் கணக்கில் வைப்பேன்.

பேட்டரிக்கும் குளிர்காலம் உண்டு. பனி உறையும் கராஜில் விடாமல் பாதிச் சார்ஜில் பேஸ்மெண்டில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியைச் சார்ஜரில் போடாதீர்கள். சில ஆண்டுகள் கழித்துப் புது பேட்டரி தேவைப்படும்போது அதன் விலை மோவரின் விலையில் பெரும்பங்காக வந்து நிற்கும். அதனால் மோவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் பேட்டரிக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். இலை ஊதும் புளோயர், ஓரம் வெட்டும் டிரிம்மர் எல்லாமே அதே பேட்டரியில் ஓட வேண்டும். வாரண்டியில் இயந்திரத்துக்கு எத்தனை ஆண்டு, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகப் பாருங்கள். ஈகோ (EGO) என்கிற கம்பெனி இயந்திரத்துக்கு 5, பேட்டரிக்கு 3 என்று தருகிறது. மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம்.

சரி, இடம் பெரியது, சரிவு இருக்கிறது, பெட்ரோல்தான் வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் இஞ்சினைவிட கார்புரேட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் ஆவியாகக் கூடியது ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படியும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் பூசினாற்போல இருக்கும். நடுவில் பெட்ரோல் போகும் பித்தளைக் குழாய் முனை, அதாவது ஜெட், அதன் துளை ஊசி முனை அளவுதான். அது அடைத்துக்கொண்டால் வண்டி ஒரு கணம் உறுமிவிட்டு அணையும், மறுபடி இழுத்தால் மறுபடி அதே கதை. என்னிடம் வருகிற மோவர்களில் இந்த நோய்தான் முதலிடம். இஞ்சின் போய்விட்டது என்று குப்பைக்குத் தள்ளத் தயாராக வருவார்கள். கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைத் துடைத்து, புதுப் பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

ஆகவே கடையில் குனிந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். பெட்ரோல் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே எரிபொருளை அடைக்கும் சிறு வால்வு உண்டா? இருந்தால் நவம்பரில் அதை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிடலாம். கார்புரேட்டர் காலியாகிவிடும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கார்புரேட்டருக்குக் கை போகிறதா, அல்லது பிளாஸ்டிக் மூடிகளுக்குள் புதைந்திருக்கிறதா? காற்று வடிகட்டியைக் கருவி இல்லாமல் கழற்ற முடிகிறதா? மலிவு மாடல்களில் அந்த வால்வு இல்லாமலே இருக்கலாம். பெட்ரோல் பிடிக்கும்போது 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பக்கம் போகாதீர்கள், 10 சதவீதம்தான் வரம்பு. நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் பிடிக்கச் சட்டம் விடாது, ஊழியர்தான் ஊற்றுவார். டப்பாவைக் கார் டிக்கியிலிருந்து இறக்கித் தரையில் வைத்த பிறகே ஊற்றச் சொல்லுங்கள். டிக்கிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி கிளம்பும் ஆபத்து உண்டு.

இஞ்சின் பெயரையும் மோவரின் பெயரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டோரோ மோவருக்குள் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் இஞ்சின் இருக்கலாம். அந்த இஞ்சின் கம்பெனி 2020-இல் திவால் மனு போட்டு, கைமாறி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உதிரிக்குப் பஞ்சமில்லை. "ஹோண்டாதானே அண்ணா பெஸ்ட்?" என்று இன்னமும் கேட்கிறார்கள். நல்ல மோவர்தான், மறுக்கவில்லை. ஆனால் வட கரோலினா ஆலையில் மோவர் செய்வதை ஹோண்டா 2023-இல் நிறுத்திவிட்டது. பழைய இருப்புக்கு யாராவது அதிக விலை சொன்னால் கொடுக்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட செகண்ட் ஹேண்ட் ஹோண்டா நியாயமான விலைக்குக் கிடைத்தால் எடுங்கள். சில புது இஞ்சின்களில் ஆயிலை மாற்றவே தேவையில்லை, குறைந்தால் ஊற்றினால் போதும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும் ஆயில், அதை ஆண்டுக்கொருமுறை மாற்றினால் என்ன குறைந்துவிடும்? நான் மாற்றுவேன்.

இஞ்சினுக்கு அடுத்தபடி என் கைக்கு வருவது சக்கரம். தானாக நகரும் மோவர்களில் முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரமும் என்று மூன்று வகை. முன்சக்கர இயக்கம் மலிவு, முனையில் திருப்பவும் எளிது, கைப்பிடியை அழுத்தினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆனால் பின்னால் இருக்கும் பை புல்லால் நிரம்பினாலும் அதேதான் நடக்கும். எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் பிடிமானம் இழந்து சும்மா சுற்றும். கொஞ்சம் மேடு இருந்தாலும், பை மாட்டி வெட்டுவதாக இருந்தாலும், பின்சக்கர இயக்கம்தான். நான்கு சக்கரமும் ஓடுவது எடை கூடியது, பழுதாகும் இடங்களும் கூடியது. நிஜமான சரிவு இல்லாதவருக்கு அது வீண்.

கடையில் ஒரு சக்கரத்தின் மூடியைப் பாருங்கள், முடிந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மலிவு வண்டிகளில் சக்கரத்தின் உட்பக்கமே பிளாஸ்டிக் பற்களாக இருக்கும், அவற்றை ஒரு சிறு உலோகப் பல்சக்கரம் கடித்துச் சுற்றும். நடுவே மணலும் புல்லும் புகுந்து அரைத்தால் பற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிடும். இஞ்சின் ஓடும், வண்டி நகராது. சக்கரத்துக்குப் பந்து பேரிங் இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக் துளையா என்பதையும் பாருங்கள். பிறகு வண்டியைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். கடினமாகப் பிடித்துக்கொண்டு வரும் வண்டியோடு வேலியோரத்தில் ஒவ்வொரு வாரமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பிளேடை மேலிருந்து மூடியிருக்கும், டெக் என்கிற தகட்டு மூடி பெரும்பாலும் ஸ்டீல். ஈரப்புல் அடியில் ஒட்டிக் காய்ந்து, அதன் அடியில் துரு பிடிக்கும். அலுமினியமும் உறுதியான பிளாஸ்டிக்கும் துருப்பிடிக்காது, விலை கூடும். ஸ்டீல் வாங்கினால் அவ்வப்போது சுரண்டிவிடுங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, காற்று வடிகட்டி மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் வடிகட்டிக்குள் போய், கிளப்பும்போது தெருவே வெள்ளைப் புகை. பேட்டரி வண்டியாக இருந்தால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு வேலை பாருங்கள்.

உயரம் மாற்றும் லீவர் ஒன்றா, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா என்று பாருங்கள். இங்கே நம் லானில் இருப்பது பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸும் டால் ஃபெஸ்க்யூவும். இரண்டும் 3 அங்குலத்துக்கு மேல் நிற்க வேண்டிய புல், கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக விடலாம். ஒருமுறை வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எனவே மோவர் 3.5 அல்லது 4 அங்குலம் வரை உயருகிறதா பாருங்கள். டெக்சாஸில் பெர்முடா புல் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நேர்மாறு, 1 முதல் 2 அங்குலத்துக்கு இறங்க வேண்டும். வெட்டிய புல்லைப் பையில் பிடிக்காமல் பொடியாக்கி அங்கேயே விடும் மல்ச்சிங் வசதி கட்டாயம் இருக்கட்டும். அந்தப் பொடியின் நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும், உரச்செலவு கொஞ்சம் குறையும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் இஞ்சினைக் கையால் தொடுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாததை மறைக்க விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். ஆறட்டும் என்று காத்திருந்து, நீங்களே கிளப்புங்கள். ஓடும்போது கைப்பிடி கடகடவென்று அதிர்ந்தால் பிளேடோ, அதைத் தாங்கும் தண்டோ வேரில் மோதி வளைந்திருக்கும். தண்டு வளைந்தால் அந்த வண்டி வேண்டாம். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் லீவரை விட்டால் 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். 1982 முதல் அமெரிக்காவில் இதுதான் விதி. அந்த லீவரைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கும் வண்டியைக் கண்டால் விலை கேட்காமலே திரும்பிவிடுங்கள். நடந்து தள்ளும் மோவரைச் சரிவில் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. சரிவு 15 டிகிரியைத் தாண்டினால் அங்கே புல்லுக்குப் பதில் புதர்ச்செடி நடுவது மேல்.

இவ்வளவும் பார்த்த பிறகு கம்பெனிக்கு வரலாம். பிடித்த மாடலின் முழு எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அந்த எண்ணைப் போட்டு பிளேடு, டிரைவ் பெல்ட், சக்கரம், கேபிள் நான்கும் தனித்தனியாகக் கிடைக்கிறதா, பாகங்களின் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் மோவர் ரிப்பேர் கடைக்கு போன் போட்டு, இந்தக் கம்பெனியைத் தொடுவீர்களா என்று கேளுங்கள். பெரிய சங்கிலிக் கடையில் வாங்கியதை வாரண்டியில் பார்க்க மாட்டோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு, வாரண்டி வேலைக்கு யாரிடம் போக வேண்டும் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அவசரம் இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபரில் வாங்குங்கள், கடைக்காரருக்கு இடத்தைக் காலி செய்யும் அவசரம் இருக்கும்.

வாங்கிய அன்றே கூடுதலாக ஒரு பிளேடு வாங்கிவிடுங்கள். வெட்டிய மறுநாள் புல் நுனி பழுப்பாகி நார் நாராகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைச் சாணை பிடிக்கக் கொடுக்கலாம். பெட்ரோல் வண்டியாக இருந்தால், மேனுவலில் வேறு மாதிரி சொல்லாதவரை, முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை மாற்றுங்கள்.