பழைய பட்டாள வண்டியைச் சீரமைப்பது எப்படி: பிரேக்கில் தொடங்கிப் பெயிண்டில் முடிக்கும் முறை

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த நிசான் ஒரு டன் வண்டியை வாங்கி, இரண்டு ஆண்டு உழைப்பில் மீண்டும் சாலைக்குக் கொண்டு வந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஜப்பானின் நிசான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரிக்கப்பட்ட வண்டி அது. ஜோங்கா என்ற இராணுவ ஜீப்பில் இருக்கும் அதே 3,956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான் இதிலும். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரிலிருந்து வந்த சக்திமான் லாரி வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் பகுதி மாறுபடும்; வேலையின் வரிசை மாறாது.

அந்த வரிசையைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். வண்டி வந்து சேர்ந்த முதல் வாரமே நான் பெயிண்ட் கடைக்குப் போய் விலை விசாரித்தேன். சங்ககிரியில் நாற்பது ஆண்டுகளாக லாரி வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, பெயிண்டு அடிச்சா வண்டி நிக்குமா?" என்றார். அன்றே பிரேக்கைக் கழற்றினோம்.

முதலில் ஆவணம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏல ஆவணத்தின் மூலத்தையும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்துவது நம் பக்கத்தில் வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டிகளுக்கென 2021ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட விதிகள், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை மட்டுமே பழம்பெரும் வாகனமாக ஏற்கின்றன. உங்கள் வண்டி அதில் அடங்குமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பும் பின்பும் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

பிரேக்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய உடனே சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பட்டாள வண்டிகள் சிலவற்றில் ரிம் இரண்டு பாதிகளாகப் போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டு எது, ரிம்மின் இரு பாதிகளைப் பிடிக்கும் நட்டு எது என்று தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்பேனரைப் போடுங்கள். டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தளர்த்தினால் ரிம் வெடித்துத் தெறித்து ஆளைக் கொல்லும். எந்த வகையானாலும் முதலில் வால்வு முள்ளைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிவிடுவது என் வழக்கம்.

சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. முகமூடி அணிந்து, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கை அழுத்தித் தள்ளும் வீல் சிலிண்டர். என் வண்டியில் அதன் ரப்பர் மூடியை விலக்கியபோது, பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பட்டிப் பாகு போன்ற பழுப்புக் குழம்பு இருந்தது. பிஸ்டன் இரண்டும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது என்பதால், வண்டி ஓடாமல் நின்றாலும் இந்தக் கேடு உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். பிஸ்டனை எடுத்தபின் சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மெல்லிய ஹோனிங், அதாவது உட்சுவரை லேசாகத் தேய்த்து வழவழப்பாக்குவது, போதும். நகம் குழியில் தடுக்கினால், அதை லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் என்ற உள்குழாயை இட்டு, பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பம்ப்செட்டும் மோட்டாரும் வளர்த்த ஊரான கோவையில், கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உண்டு. மாதிரியைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் கிடைக்காத பாகத்தையும் கடைந்து தருவார்கள்.

பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் இதேபோலப் பாருங்கள். ரப்பர் கப், ஹோஸ் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில் துரு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். ரப்பரைப் பெட்ரோலிலோ எஞ்சின் ஆயிலிலோ கழுவினால் அது ஊதிப் பழுதாகும். புதிய பிரேக் ஆயிலில் மட்டுமே நனையுங்கள். கடைசியாக ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வீல் சிலிண்டரிலுள்ள நிப்பிளைத் திறந்து மூட, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை செய்யுங்கள். பெடல் கல்லைப் போல நிற்க வேண்டும். பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள்.

எஞ்சின்

நெடுநாள் நின்ற எஞ்சினை பேட்டரி கொடுத்துச் சுற்றவே கூடாது. ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் வலிந்து இழுத்தால், ரிங் உடையும். ஒட்டிக்கொண்ட வால்வு இருந்தால் புஷ் ராடு வளையும். ஆறு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்த கலவையை இரண்டு கரண்டி ஊற்றி, நான்கைந்து நாள் ஊற விடுங்கள். அதற்குள் எஞ்சின் ஆயிலை இறக்கி அதன் நிறத்தைப் பாருங்கள்: பால் கலந்த காப்பிபோல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஹெட் பேக்கிங்கைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள்.

ஊறிய பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தடுத்தால் பின்னோக்கிச் சிறிது, முன்னோக்கிச் சிறிது என அசைத்து, மீண்டும் ஊற விடுங்கள். எனக்கு ஒன்பதாம் நாள்தான் முழுச் சுற்று வந்தது. தடையின்றிச் சுற்றியதும் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். ஏதேனும் ஒரு சிலிண்டரில் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை வீசும் பிசினாகியிருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கிலுள்ள ஆவிதான் வெடிக்கும். பிளக்குக்குப் பொறி தரும் அமைப்பிலுள்ள பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். எலி கடித்த ஒயர்களை ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றுங்கள்.

எஞ்சின் ஓடியதும் தோட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்து, இறங்கி ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடிக்கிறது; திரும்பவும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். நான்கு சக்கர ஓட்டத்தை மண்ணில் மட்டும் போட்டுச் சோதியுங்கள், தார்ச் சாலையில் வேண்டாம்.

பெயிண்ட்

துருவைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். ஆனால் கதவு, பம்பர், பின்பலகை ஆகிய இடங்களில் முரட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள். நான் பம்பரில் நானூறாம் எண் நீர்த்தாளைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பச்சைக்கு அடியிலிருந்து, இராணுவ வண்டி எண்ணில் வரும் மேல்நோக்கிய வெள்ளை அம்புக்குறி ஒன்றும், அதன் பக்கத்தில் வண்டி படையில் சேர்ந்த ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் மெல்ல எழுந்து வந்தன. கையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

இராணுவப் பச்சையைத் திரும்ப அடிக்க ஆசை வரும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை நிறம் கூடாது. என் வண்டிக்குச் சாம்பல் நிறம் அடித்து, அதைப் பதிவுச் சான்றிதழிலும் குறிக்கச் செய்தேன். பம்பரில் அம்புக்குறி இருக்கும் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் மறைத்துக்கொண்டு அடித்து, பிறகு அதன் மேல் நிறமற்ற லாக்கர் பூசி, இப்போது ஒரு ரப்பர் பட்டையால் மூடி வைத்திருக்கிறேன்.