சிம் வேலிடிட்டி முடிந்தால் நம்பர் என்ன ஆகும்? முதல்முறை பார்ப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

ரீசார்ஜ் பேக் முடிவது வேறு, நம்பர் கையைவிட்டுப் போவது வேறு. இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கின்றன. அது தெரியாததால் சிலர் பேக் முடிந்த அன்றே பதறிப்போய், கடைக்காரர் சொல்லும் பெரிய பேக்கைப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் "சிம்தான் கையில் இருக்கிறதே" என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு, பேங்க் ஓடிபி வராதபோதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவின் நம்பருக்காக இதையெல்லாம் தேடிப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன். பேங்க், கேஸ், ரேஷன் கார்டு, ஆதார், மகளிர் உரிமைத் தொகை மெசேஜ் என்று அவருடைய எல்லாமே அந்த ஒரு நம்பரில்தான் இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கீபேட் போன் இருந்தால் இது உங்களுக்காகத்தான்.

ரீசார்ஜ் செய்வது எப்படி என்று இங்கே எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

படி 1: பேக் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி வையுங்கள்

கம்பெனி அனுப்பும் மெசேஜை நம்பி இருக்காதீர்கள். கடைசியாக ரீசார்ஜ் செய்த தேதியிலிருந்து 28 நாளா, 30 நாளா, 84 நாளா என்று எண்ணி, காலண்டரில் பேனாவால் குறித்துவிடுங்கள். போனில் ரிமைண்டர் வைக்கலாம்தான். ஆனால் பெரியவர்கள் வீட்டில் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் கருத்து. பால் கணக்கு எழுதும் அதே கட்டத்தில் இதையும் எழுதினால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

28 நாள் பேக்கை "மாத பேக்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 நாள் வீதம் 13 முறை போட்டால்தான் 364 நாள் ஆகிறது. அதாவது வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். இந்தப் புகார் அதிகமான பிறகுதான் 2022 ஜனவரியில் டிராய் (தொலைத்தொடர்புக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பு) ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய பேக் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்றது. கடையில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். பென்ஷன் வரும் தேதியையொட்டி ரீசார்ஜ் செய்கிறவர்களுக்கு மாதத் தேதி பேக் ரொம்ப வசதி.

படி 2: பேக் முடிந்ததும் எது எது நிற்கும்?

முதலில் அவுட்கோயிங்கும் டேட்டாவும் நிற்கும், அதே நாளில். இன்கமிங் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அப்புறம் இன்கமிங்கும் நிற்கும், அதோடு ஓடிபியும் வராது. அதற்கும் பிறகுதான் நம்பரை ரத்து செய்யும் பேச்சே வருகிறது.

ரத்துக்கு டிராய் 2013-ல் ஒரு வரம்பு வைத்தது. 90 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தாமல் இருந்தால், அதைக் காரணம் காட்டி ப்ரீபெய்டு நம்பரை ரத்து செய்யக்கூடாது. 90 நாள் தாண்டினாலும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் ரத்து செய்யக்கூடாது. அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு நம்பரை மேலும் 30 நாள் வைத்திருப்பதுதான் பொதுவான நடைமுறை. பேலன்ஸ் இல்லாமல் ரத்தாகிவிட்டாலும், பணம் கட்டித் திரும்பப் பெற 15 நாள் அவகாசம் உண்டு.

2025 தொடக்கத்தில் "20 ரூபாயில் சிம் உயிரோடு இருக்கும், டிராயின் புது விதி" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்ட் சுற்றியது. விதி உண்மைதான், ஆனால் புதிது இல்லை. அந்த 20 ரூபாய் நம்பரைக் காப்பாற்றுமே தவிர, கால் வசதியையோ ஓடிபியையோ கொண்டுவராது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, மெயின் பேலன்ஸ். அன்லிமிடெட் பேக் போடும்போது கட்டுகிற பணம் முழுக்க பேக்குக்கே போய்விடும், மெயின் பேலன்ஸில் ஒரு பைசாகூட ஏறாது. வருடக்கணக்கில் பேக் போட்டு வந்தவர்களின் மெயின் பேலன்ஸ் பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். தனியாக ஒரு டாப்-அப் போட்டு, கழிவு போக 20 ரூபாய்க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, "பயன்பாடு" என்றால் எது என்பது. பெரியம்மா கேட்டார்: "ஓடிபி வந்துக்கினுதான் இருக்குது கண்ணு, அப்புறம் எப்படி யூஸ் பண்ணலன்னு சொல்லுவான்?" நியாயமான கேள்வி. ஆனால் விதியில் பயன்பாடு என்று சொல்லியிருப்பது வருகிற அல்லது போகிற கால், நாம் அனுப்புகிற எஸ்எம்எஸ், டேட்டா இவைதான். நமக்கு வருகிற எஸ்எம்எஸ் அந்தக் கணக்கில் சேராது. இன்கமிங் இன்னும் நிற்காமல் இருக்கும்போதே அந்த நம்பருக்கு யாராவது ஒரு கால் போட்டு, எடுத்துப் பேசிவிடுங்கள். 90 நாள் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும்.

படி 3: ஓடிபிக்கு மட்டும் வைத்திருக்கும் சிம்முக்கு எந்த பேக்?

டேட்டா இல்லாத பேக். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள ரீசார்ஜ்களைக் கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டும் என்றது. சிறப்பு ரீசார்ஜ்களுக்கு இருந்த 90 நாள் உச்சவரம்பையும் 365 நாளாக உயர்த்தியது. கீபேட் போன்காரர்கள் இனிமேல் தினம் ஒன்றரை ஜிபிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. விலை மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே போடவில்லை. கம்பெனியின் சொந்தச் செயலியில் கடைசிவரை தள்ளிப் பாருங்கள், இந்த பேக்குகள் அடியில்தான் கிடக்கும். சில யூபிஐ செயலிகள் ரீசார்ஜுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகப் பிடிக்கின்றன. அதனால் நான் கம்பெனி செயலியையே பயன்படுத்துகிறேன்.

படி 4: வேலிடிட்டி முடிந்த நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுவது

நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றுவதைத்தான் போர்ட் என்கிறார்கள். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கடையில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "முதல்ல ரீசார்ஜ் பண்ணுங்க சார், அப்புறம்தான் போர்ட் ஆகும்." அவுட்கோயிங் நின்றால் எஸ்எம்எஸ்ஸும் போகாது, போர்ட் கோட் கேட்கவும் முடியாது என்பது அவர்கள் வாதம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2021 டிசம்பரில் டிராய் இதற்கென்றே உத்தரவு போட்டது. எந்த பேக்கில் இருந்தாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், போர்ட் கேட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியை எல்லோருக்கும் தர வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஆகவே மாறுவதற்காக மட்டும் ரீசார்ஜ் செய்யாதீர்கள். முதலில் அனுப்பிப் பாருங்கள்.

மெசேஜில் ஆங்கில எழுத்தில் போர்ட் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்துள்ள ஒரு கோட் வரும். நம் தமிழ்நாட்டு வட்டத்தில் (மொபைல் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிக்கு வட்டம் என்று பெயர்) அதற்கு நான்கு நாள்தான் ஆயுள். அதற்குள் புதுக் கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும்.

கோட் வரவில்லையா? ஒன்றொன்றாகப் பாருங்கள்.

இரண்டு சிம் போனாக இருந்தால் மெசேஜ் எந்த சிம்மிலிருந்து போனது? மாறிப் போயிருந்தால் கோட் வராது. மாற்ற வேண்டிய சிம்மை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடுங்கள். அதுதான் சுலபம்.

கீபேட் போனாக இருந்தால் இன்பாக்ஸைப் பாருங்கள். பெரியம்மாவின் போனில் திரையின் மேல் மூலையில் சின்னக் கவர் படம் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. புது மெசேஜ் வந்திருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இடமில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. லோன் விளம்பரமும் காலர் டியூன் விளம்பரமுமாக அடைத்துக்கொண்டிருந்தன. பழைய மெசேஜ்களை அழித்ததும், காத்திருந்த மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன, போர்ட் கோடும் அதில் இருந்தது. கஸ்டமர் கேரில் யாரும் இதைச் சொல்லவில்லை. நெட்வொர்க்கைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கவர் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் விதியில் எதுவோ தடுக்கிறது. இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். தொலைந்துபோன சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை முதல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டாக இருந்தால் பில் பாக்கி இருக்கக்கூடாது.

கோட் வந்ததும் கடைக்கு நம்பரின் சொந்தக்காரரே ஆதாரோடு போக வேண்டும். சிம் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். யார் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் மாறுவதென்றால் மூன்று வேலை நாள். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புது சிம்மைப் போடுங்கள். பழைய மெயின் பேலன்ஸ் புது சிம்முக்கு வராது, அதனால் டாப்-அப் போட்டு வைத்த கையோடு போர்ட் செய்யாதீர்கள்.

மாறுவதற்கு முன் சிக்னலைப் பாருங்கள். வேலூர் டவுனில் எல்லாமே எடுக்கும். அணைக்கட்டு தாண்டி ஒடுகத்தூர், மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மை உங்கள் போனில் போட்டு, அடுப்பங்கரையில் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். எந்த வரைபடத்தையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

படி 5: நம்பர் போயே போய்விட்டது என்றால்

ரத்தான நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதன் பிறகு அது வேறு ஒருவர் கைக்குப் போகலாம். உங்கள் பேங்க் ஓடிபி அவருக்குப் போகும் என்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. ரத்தான நம்பர்களின் பட்டியலை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தன் தளத்தில் தருகிறது. பேங்குகள் அதைப் பார்த்துத் தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அவர்கள் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் பேங்க், பாஸ்புக்கோடு கிளைக்கே போய் எழுதிக் கொடுங்கள். அடுத்தது ஆதார் மையம். மொபைல் நம்பர் மாற்றக் கைரேகை போதும், ஆவணம் எதுவும் வேண்டாம். கேஸ், ரேஷன், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அட்டையில் இருக்கும் நம்பர் எல்லாம் பிறகு. வாட்ஸ்அப்பில் "நம்பரை மாற்று" என்ற வசதி இருக்கிறது. பழைய சிம் செத்திருந்தாலும் அந்தப் போனில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தால் மாற்றிவிடலாம்.

பின்னர் சேர்த்தவை

லண்டனில் மகன் இருப்பதாக ஆம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அவன் கான்ட்ராக்ட் முடியுதாம், லைன் கட்டாகிடுமா?" கட்டாகாது. இங்கே காலம் முடிந்தால் சேவை நிற்கிறது. அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சேவையும் ஓடும், பில்லும் ஓடும். போனுக்கான பணத்தையும் சேர்த்துக் கட்டும் ஒப்பந்தமாக இருந்தால், போன் கடன் தீர்ந்த பிறகும் அதே தொகை போய்க்கொண்டிருக்கலாம். அதனால்தான் 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாள் முன்பே கம்பெனி தகவல் அனுப்ப வேண்டும் என்று அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கட்டாயமாக்கியது. அந்த மெசேஜ் வந்ததும் குறைந்த விலைத் திட்டத்துக்கு மாறச் சொல்லுங்கள். அவருடைய இந்திய நம்பருக்கு இங்கே மேலே சொன்ன எல்லாமே பொருந்தும்.

காட்பாடியிலிருந்து இன்னொரு கேள்வி: சித்தூரில் வாங்கிய சிம்மை இங்கே போர்ட் செய்யலாமா? அது ஆந்திர வட்டத்து நம்பர். வேலூர்க் கடையிலேயே போர்ட் கொடுக்கலாம், ஆனால் வட்டம் மாறுவதால் ஐந்து வேலை நாள் ஆகும். வங்காளத்திலிருந்து சி.எம்.சி.க்கு வந்து காந்தி ரோடு லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஆபரேஷன் தேதியையொட்டி மட்டும் போர்ட் கொடுக்காதீர்கள். மாறுகிற அன்று சில மணி நேரம் எந்த சிம்மிலும் சிக்னல் இருக்காது. கொடுத்துவிட்டீர்கள் என்றால், போர்ட் என்ற இடத்தில் கேன்சல் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, நம்பரோடு 1900-க்கு அனுப்புங்கள். விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும்.